சாவிக்கு அடங்காத இன்ஜின்

உக்காருங்க சார். வண்டி கெளம்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். உங்க வீட்டம்மாவும் பாப்பாவும் முன் சீட்டுலயே இருக்கட்டும். வெளிய நின்னா இந்த மலை மெட்டுக் காத்துக்குப் பாப்பாவுக்குச் சளி பிடிச்சுக்கிரும். உள்ள எங்க ஊர்ப் பொம்பளைக இருக்காங்க, பேச்சுத் தொணைக்கு ஆச்சு. மேல எஸ்டேட்டுலருந்து இன்னும் அஞ்சாறு பேர் நடந்து வரணும். ஏலக்கா எடுப்பு சீசன் பாருங்க, எடை போட்டு முடிக்காம ஆளை விட மாட்டாங்க. அவங்க வந்ததும் ஏத்திக்கிட்டு எறங்க வேண்டியதுதான். இருட்டுறதுக்குள்ள உங்க மூணு பேரையும் போடியில ஒரு லாட்ஜு வாசல்ல விட்டுர்றேன், போதுமா?

ஏப்பா, சாருக்குச் சக்கரை கம்மியா ஒரு டீ போடு.

இப்பச் சொல்லுங்க, உங்க வண்டிக்கு என்னாச்சு? மஞ்ச லைட்டு எரிஞ்சுச்சு, நின்னு போச்சு. அம்புட்டுத்தானா? கம்பெனிக்கு போன் போட்டா நாளைக்குத்தான் ஆள் வரும்கிறானா? வரட்டும், வரட்டும். செக்போஸ்ட்டுல நிக்கிற வண்டியை யாரும் தூக்கிக்கிட்டுப் போயிர மாட்டாங்க. தூக்கிக்கிட்டுப் போகணும்னாலும் அது ஓடணும்ல?

கோச்சுக்காதீங்க. சும்மா ஒரு கேலிக்குச் சொன்னேன். ஆனா ஒண்ணு சார், உங்க வண்டியில இருக்கிறது காமன் ரயிலு இன்ஜினு. டீசலை ஒரே கொழாயில அடைச்சு வச்சுக்கிட்டு, ஒரு கம்ப்யூட்டரு, இவனுக்கு இம்புட்டு விடு, அவனுக்கு அம்புட்டு விடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுன்னு வைங்க, கதவைச் சாத்திட்டுப் போயிரும். நீங்க காட்டுல நிக்கிறீங்களா, கைப்புள்ளையோட நிக்கிறீங்களா, எதுவும் கேக்காது. சமவெளிக்கு அது ராஜா. மலைக்கு ஆகாது.

எங்க காலத்து டீசல் பம்ப்பு இன்லைன். நாலு சிலிண்டருக்கு டீசலைத் தள்ளிவிட நாலு பிளஞ்சரு, வரிசையா நிக்கும். நாலு மருமகளுக்கு நாலு அடுப்புன்னு வச்சுக்கங்க. ஒருத்தி அடுப்பு அணைஞ்சாலும் மத்த மூணு பேரு சோறாக்கிருவாளுக. இன்ஜின் திக்கித் திக்கியாவது வீடு வந்து சேர்ந்துரும். கரண்டே வேண்டாம் சார் அதுக்கு. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா பேட்டரியைக் கழட்டி இந்தப் பள்ளத்துல எறிஞ்சிரலாம். அது பாட்டுக்கு ஓடும். நிறுத்தணும்னா டேஷ்போர்டுல ஒரு ஸ்டாப் ஒயரு இருக்கும், இழுத்தா நிக்கும். மனுசன் இழுத்தாத்தான் நிக்கும். அதான் எனக்குப் பிடிச்சது.

ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வந்துச்சு பாருங்க, ரோட்டரி பம்ப்பு. அதுல ஒரே பிளஞ்சருதான். அதுவே சுத்திச் சுத்தி நாலு பேருக்கும் பரிமாறும். நல்ல இழுவை, புகை கம்மி, டீசலும் கம்மியாக் குடிக்கும். இல்லைங்கல. ஆனா அதோட தலையில ஒரு முள்ளு வச்சான் பாருங்க, அந்த முள்ளுதான் சார் எங்க குடும்பத்தைக் குத்துச்சு.

என்ன, வண்டியவே பாத்துக்கிட்டு இருக்கீங்க? ஓடிக்கிட்டே இருக்கே, டீசல் வீணாகுதேன்னா? அது அப்பிடித்தான். வீட்டுக்குப் போற வரைக்கும் அதை நிறுத்துறதில்ல. சொல்றேன், அவசரப்படாதீங்க. சத்தம் கேக்குதுல்ல? என் காது அங்கதான் இருக்கு.

எனக்கு ஒரு தங்கச்சி, பவுன்தாயின்னு பேரு. அவ புருசன் தவசி. மாப்ளைன்னாலும் எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. நான் ஒரு ஜீப்பு, அவன் ஒரு ஜீப்பு. காலையில வெள்ளனா பொம்பளைகளை ஏத்திக்கிட்டு மேல வர்றது, சாயங்காலம் எறக்குறது. என் வண்டி இன்லைன் பம்ப்பு, அவன் வண்டி ரோட்டரி. இதே கடையில, இதே பெஞ்சுல உக்காந்து தெனமும் இதுதான் சண்டை. அவன், 'மச்சான், உங்க பம்ப்பு தாத்தா பம்ப்பு, இருமிக்கிட்டே ஏறுது'ம்பான். நான், 'மாப்ள, உன் பம்ப்பு சீமைப் பம்ப்பு, சாவி சொல்றதத்தான் கேக்கும், நீ சொல்றதக் கேக்காது'ம்பேன். இந்தக் கடைக்காரன் சாட்சி. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு டீயை ஆறவிட்டுருவோம்.

அவன் நெனைப்பு வந்தா எனக்கு டீ எறங்க மாட்டேங்குது சார். வலது கையை வெட்டி எடுத்த மாதிரித்தான் இருக்கு.

சரி, அந்த முள்ளுக்கு வாரேன். சுண்டுவிரல் தண்டிதான் இருக்கும். சாவி போட்டா கரண்டு வந்து முள்ளு மேல ஏறும், டீசல் போகும். சாவியத் திருப்புனா கரண்டு போயி முள்ளு கீழ எறங்கும், டீசலை அடைச்சிரும், இன்ஜின் அணைஞ்சிரும். நல்ல ஏற்பாடுதான், நான் குத்தம் சொல்லல. ஆனா அந்த முள்ளுக்குப் போற ஒயரு ஒரே ஒரு ஒயரு. அது லூஸாச்சுன்னா? சாவி போட்டபடியே இருக்கும், வண்டி ஏறிக்கிட்டே இருக்கும், முள்ளு படக்குன்னு எறங்கிரும். போச்சு.

போன சீசன்ல அதான் நடந்துச்சு. நல்ல மழை. தவசி வண்டி நிறைய ஆளோட முன்னாடி ஏறுது, நான் பின்னாடி வாரேன். கொண்டை ஊசி வளைவுல கியர் மாத்துறான், இன்ஜின் அணைஞ்சு போச்சு. வண்டி பின்னாடி உருளுது. பிரேக்குக்கு வேண்டிய வாக்கம், அதான் அந்தக் காத்து உறிஞ்சுற பலம், இன்ஜின்லருந்துதானே வரணும்? ரெண்டு மிதிக்குப் பிடிச்ச பிரேக்கு அடுத்த மிதிக்குக் கல்லாப் போச்சு. உள்ள பொம்பளைக போட்ட கத்து இன்னும் காதுல நிக்குது. நல்லவேளை, தடுப்புச் சுவத்துல போயிச் சாஞ்சு நின்னுச்சு. தவசி எறங்கி வந்தான் பாருங்க, மூஞ்சியில ரத்தமே இல்ல.

அன்னைக்கே போடிக்கு எறங்கி எலக்ட்ரீசியன்கிட்ட ஒயரை மாத்தணும்னு நின்னான். 'மச்சான், ஆளை உங்க வண்டியில மாத்திக்கங்க, நான் போயிட்டு வந்துர்றேன்'ங்கிறான். எம்புட்டு ஆளைத்தான் ஒரு வண்டியில அடைக்கிறது? அதுவும் சீசன்ல ஒரு நாள் வண்டி வரலன்னா எஸ்டேட்டுக் கங்காணி வேற ஜீப்பைப் பிடிச்சிருவான். பெறகு நம்ம பொழப்பு? நான் சொன்னேன், 'ஒயரை மாத்துவ, நாளைக்கு வேற எடத்துல லூஸாகும். இந்த முள்ளுதானே உன்னைக் கவுக்கப் பாத்துச்சு? முள்ளையே எடுத்துருவோம்'னேன்.

ஸ்பேனர எடுத்து, ரோட்டோரத்துல, மழையில நனைஞ்சுக்கிட்டே கழட்டுனேன். உள்ள இருந்த முள்ளையும் ஸ்பிரிங்கையும் உருவிட்டு, வெறும் மூடியத் திருகிட்டேன். கிட்டத்தட்ட ஒரு டீ குடிக்கிற நேரம். அதுக்கப்பறம் அந்த இன்ஜின் ஒரு தடவையாவது நடுவழியில நின்னுச்சா? கேளுங்க, இங்க யாரை வேணும்னாலும் கேளுங்க. மலையில வண்டி நிக்காம ஓடணும், அம்புட்டுத்தானே சார் வேணும்?

ஆமா, சாவியத் திருப்புனா நிக்காதுதான். அதுக்கென்ன? நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கிளச்சை விட்டா ஒரு உதறு உதறிட்டு அடங்கிரும். இந்தப் பக்கம் பாதி வண்டி அப்பிடித்தான் ஓடுது. தவசிக்குத்தான் அது பழகல. பேட்டரி வேற வீக்கு, நிறுத்துனா மறுபடி தள்ளு தள்ளுன்னு தள்ளணும். அதனால ஓட விட்டுட்டே எறங்கிருவான். ஒரு நா இந்தா, நீங்க உக்காந்திருக்கிற எடத்துல உக்காந்து சொல்றான்: 'மச்சான், முன்ன சரிவுல நிறுத்துனா அணைச்சுட்டு கியர்ல போட்டுட்டுப் போவேன், பயமே இருக்காது. இப்ப ஓடுற வண்டியை எப்பிடிக் கியர்ல போடுறது? நியூட்ரல்ல விட்டுட்டு வர்றப்ப திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு மச்சான்'ங்கிறான்.

நான் என்ன சொன்னேன்? 'ஹேண்ட் பிரேக்கு எதுக்கு இருக்கு, கல்லு எதுக்கு இருக்கு?' ஒரு டிரைவரு கேக்குற கேள்வியா அது? நல்ல கல்லாப் பாத்து முன் வீலுக்கு அண்டக் குடுத்துட்டுப் போடான்னேன். சிரிச்சான். சரி மச்சான்னான்.

அவன் பாத்து வச்ச கல்லு உருண்டைக் கல்லு சார். அதான் விசயம். நான் இப்ப வைக்கிறது பட்டையான கல்லு, பாத்தீங்களா, நல்லா தரையோட அழுந்திக்கிட்டு நிக்கும். ஒரு கல்லைப் பாத்து வைக்கத் தெரியாம ஒரு உசுரு போச்சேன்னு நெனைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும்.

இதே எடந்தான். உங்க வீட்டம்மா இருக்கிற வண்டி நிக்குதே, அதே சரிவு. மூஞ்சி பள்ளத்தைப் பாத்து நின்னுச்சு. இதே மாதிரி மூட்டம், இதே மாதிரி மழை விட்டும் விடாம. நாங்க ரெண்டு பேரும் கடைக்குள்ள டீ குடிக்கிறோம். பொம்பளைக ஒவ்வொருத்தியா ஏறி உக்கார்றாளுக. ஏற ஏற பாரம் கூடுதுல்ல? இன்ஜின் ஓடுறதுல வண்டி நடுங்கிக்கிட்டே இருக்கும்ல? கல்லு கொஞ்சங் கொஞ்சமா நழுவியிருக்கு.

எங்களுக்குத் தெரியவே இல்ல சார். நியூட்ரல்ல உருளுற வண்டிக்குச் சத்தம் மாறாது. ஏறவும் செய்யாது, எறங்கவும் செய்யாது. கடகடகடன்னு அதே சத்தம். என்ன, கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போச்சு. அம்புட்டுத்தான். நான் பேசிக்கிட்டே இருக்கேன், தவசி மட்டும் தலையைத் தூக்குனான். டீ கிளாஸை வைக்கக்கூட இல்ல. ஓடுனான்.

எட்டிப் பிடிச்சிட்டான் சார், அதைச் சொல்லணும். ஓடுற வண்டியோட ஓடி, வெளியிலருந்தே ஸ்டீயரிங்கைப் பிடிச்சு பாறைப் பக்கமாத் திருப்பிட்டான். இன்னும் பத்தடி போயிருந்தா அந்தப் பக்கம் பள்ளந்தான். ஒருத்தி மிஞ்சியிருக்க மாட்டா. கை கால் முறிஞ்சதோட எல்லாரும் பொழைச்சுக்கிட்டாளுக. அவன் மட்டும் பாறைக்கும் வண்டிக்கும் நடுவுல.

நாங்க போயிப் பாக்குறப்பவும் இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. அவன் நெஞ்சுல சாஞ்சுக்கிட்டு ஓடுது. யாரோ ஒருத்தன் சாவியத் திருப்பித் திருப்பிப் பாக்குறான், அது எங்க நிக்கும்? கடைசியில நான்தான் என் துண்டைச் சுருட்டி ஏர் கிளீனர் வாயில வச்சு அடைச்சேன். மூச்சுத் திணறி நின்னுச்சு. அம்புட்டு இடி இடிச்சும் ஒரு சுத்து மாறல சார் அந்த இன்ஜின்ல. என்னா இன்ஜின்!

ஆபீசருக வந்தாங்க, பாத்தாங்க. ஹேண்ட் பிரேக்கு சரியில்ல, ஆள் கூடுதல், அப்பிடின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. பம்ப்பைப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல. அதுல குத்தம் இருந்தா கேட்டிருப்பாங்கள்ல? படிச்சவங்கதானே?

பவுன்தாயிக்குத்தான் அது புரிய மாட்டேங்குது. என்னை ஒரு வார்த்தை திட்டல அவ. ஏன்னு கேக்கல. கருமாதி முடிஞ்ச மறுநாள் வந்து நின்னா. 'அண்ணே, அந்த முள்ளைப் போட்ருண்ணே'ன்னா. அம்புட்டுத்தான். அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் வேற பேச்சு கெடையாது. காலையில வண்டி ஏறுறப்ப ஒரு தடவை, எறங்குறப்ப ஒரு தடவை. 'முள்ளைப் போட்ருண்ணே'. புருசன் போன அதிர்ச்சியில மூளை கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு ஆயிருச்சு, பாவம்.

எந்த வண்டியில போடச் சொல்றாளா? இந்த வண்டியிலதான் சார். அதைச் சொல்லாம விட்டுட்டனா? என் இன்லைன் பம்ப்பு தேஞ்சு போச்சு, அதுக்குச் சாமான் வர்றதில்லன்னுட்டான் பம்ப்புக் கடைக்காரன். தவசி வண்டி பாடிதான் நசுங்குச்சு, இன்ஜின் பத்திரமா இருந்துச்சு. அப்பிடியே தூக்கி நம்ம வண்டியில வச்சுட்டேன். அவன் நெனைப்பா இருக்கட்டுமேன்னுதான். அந்தா ஓடுது பாருங்க, அவன் இன்ஜின்தான்.

முள்ளா? என்கிட்டதான் இருக்கு, சாவிக் கொத்துல தொங்குது. உங்க பாப்பாகூட வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சே. மறுபடி மாட்டுறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆனா எதுக்கு? நல்லா ஓடுற இன்ஜினை எதுக்குத் தொடணும்? மாட்டி, ஒயரு மறுபடி லூஸாகி, வளைவுல நின்னுச்சுன்னா இவ்வளவு பொம்பளைகளுக்கும் யாரு பதில் சொல்றது? எனக்குப் பொறுப்பு இருக்குல்ல?

எங்க சார் எந்திரிச்சிட்டீங்க? டீ அப்பிடியே இருக்கு. உக்காருங்க, அந்தா வர்றாளுக மேல இருந்து, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு. இனி கெளம்பிற வேண்டியதுதான்.

அதுவா? முன் வீலுக்கிட்ட நிக்கிறாளே, அவதான் பவுன்தாயி. வண்டி நின்னா அவ உள்ள உக்கார மாட்டா. எறங்கி வந்து அந்தக் கல்லைக் காலால மிதிச்சுக்கிட்டு நிப்பா. மழைன்னாலும் நிப்பா, பனின்னாலும் நிப்பா. நான் வந்து சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிச்சாத்தான் காலை எடுப்பா. எம்புட்டோ சொல்லிட்டேன், கேக்க மாட்டா. மத்த பொம்பளைகளும் அவ நின்னாத்தான் நிம்மதியா உக்கார்றாளுக. ஒரு கிறுக்கு இருந்தா, கூட இருக்கிற நாலு பேரும் கிறுக்காயிர்றாங்க பாருங்க.

என்ன பேசிக்கிட்டு இருக்கா அவ, உங்க வீட்டம்மாகிட்ட? சன்னல்ல தலையை விட்டு என்னமோ சொல்றா. ஏ பவுனு! என்னாத்தா அங்க? பாருங்க சார், வாய் தெறந்து வெளியாள்கிட்டப் பேசி நான் பாத்ததே இல்ல. என்ன, உங்க வீட்டம்மா எறங்குறாங்க? பாப்பா தூங்குதே, பாத்து, பாத்து, கதவுல இடிக்கப் போகுது.

நீங்களுமா சார்? பஸ்ஸுலயா? இருங்க, கடைசி பஸ்ஸு இனி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வந்தாலும் நின்னுக்கிட்டே போகணும், கைப்புள்ளையை வச்சுக்கிட்டு. நான் இருவது வருசமா இந்த மலையில ஓட்டுறவன். என் வண்டி வழியில நின்னதா ஒருத்தன் சொல்லட்டும். சரி, உங்க இஷ்டம். வம்பா இழுத்துட்டுப் போக முடியுமா? நான் ஒரு நல்லதுக்குத்தான் கூப்பிட்டேன். இம்புட்டு நேரம் எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னதுக்கு நீங்களாவது புரிஞ்சுக்குவீங்கன்னு நெனைச்சேன்.

ஏய், வெரசா வாங்கடி! முன்னாடி எடம் காலியாயிருச்சு, ரெண்டு பேரு அங்க ஏறிக்கங்க, மத்தவங்க பின்னாடி. அவங்களுக்கெல்லாம் பஸ்ஸு ஆகாது சார். எங்க ஊருக்குள்ள பஸ்ஸு வராது, மெயின் ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிருவான். அங்கிட்டு இருட்டுக்குள்ள காட்டு வழி நடக்கணும். கங்காணியும் ஜீப்புக்குத்தான் வாடகை குடுக்குறான். வேற எதுல போவாளுக?

இந்தா, பாத்தீங்களா சார்? பாத்தீங்களா? அந்தக் கருப்பு ஸ்வெட்டர்க்காரியைக் கல்லை மிதிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லிட்டு, முன் சீட்டுல யாரு ஏறுறான்னு பாருங்க. பவுனேதான். உங்க வீட்டம்மாவை எறக்கி விட்டுட்டு அதே எடத்துல ஏறி உக்கார்றா. இப்பப் புரியுதா உங்களுக்கு? கூறுகெட்டவ, முன் சீட்டு வேணும்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே? கூடப் பொறந்தவ கேட்டா குடுக்க மாட்டேனா? அதுக்கு ஒரு குடும்பத்தையே பயமுறுத்தி நடுவழியில எறக்கி விடணுமா? உக்காந்ததும் உக்காராததுமா ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா பாருங்க. ஏ பவுனு, வந்துட்டேன்! நீ கையை எடுத்தாத்தானே வண்டி நகரும்?